யூபோனியமும் அல்லேலூயாவும்

இதைப் பெருமையடித்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன். அடக்கமாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் போலீஸ் பேண்டில் யூபோனியம் ஊதிவிட்டு, ஒரு ஆள்கூட என்னைத் தனியாகப் பாராட்டாமல் ரிட்டையர் ஆனவன் நான். இந்த வயதில் கொஞ்சம் பீற்றிக்கொண்டால் தப்பில்லை.

யூபோனியம் என்பது கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊதும் பெரிய பித்தளை வாத்தியம். அணிவகுப்பில் ட்ரம்பெட்காரன் பாட்டை வாசிப்பான். கிளாரினெட்காரன் அதைச் சுற்றிப் பூவேலை செய்வான். டிரம் அடிப்பவனைப் பார்த்துப் பிள்ளைகள் குதிக்கும். நாங்கள் அடியில் பேஸ் என்கிற கீழ்ச்சுரத்தைக் கொடுத்துக்கொண்டே வருவோம். நாங்கள் நின்றால் மொத்த பேண்டும் தகரடப்பா ஆகிவிடும். நாங்கள் நிற்பதே இல்லை என்பதால் அது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

ஊராருக்குத் தெரியாதது போகட்டும். என் வீட்டுக்காரிக்கே தெரியாது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் பாளையங்கோட்டை மைதானத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். வெயிலில் நின்று முழுவதும் கேட்பாள். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்பேன்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நான் ஊதுனது?"

"எல்லாம் சேந்துல்லா கேக்கு. அதுல உங்களுத மட்டும் எப்படிப் பிரிச்சு எடுக்க?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக ரிட்டையர் ஆகியிருப்பேன். ஆனால் கடைசி வருஷம்வரை அதே பதில். வாத்தியத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தென்காசிக்கு வந்தேன். அடுத்த இரண்டு வருஷத்தில் சர்க்கரையின் புண்ணியத்தில் மேல்வரிசை முன்பற்கள் போயின. பல் செட் மாட்டினேன். பித்தளை வாத்தியம் ஊதுகிறவனுக்கு முன்பல் போனால் ஓட்டுநருக்குக் கண் போன கணக்கு. இனி அவள் என்னைக் கேட்கப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்போதுதான் எங்கள் மாடி வீட்டுக்கு ஒரு நர்ஸம்மா குடிவந்தாள். செங்கோட்டைப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவள். தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. காலையில் டியூட்டிக்குப் போகும் முன் பாடுவாள்.

என்ன பாட்டு என்று எனக்குப் புரியவில்லை. மொழியும் புரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. அந்தப் பாட்டில் அங்கங்கே ஓட்டை இருந்தது. ஒரு சுரத்தைப் பிடித்து நீளமாக நிற்பாள். அந்த நேரத்தில் அடியில் ஏதோ நகர வேண்டும். நகரவில்லை. பிறகு சும்மா நிறுத்துவாள், அங்கே யாரோ இரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். யாரும் வைக்கவில்லை. நான் கீழே பேப்பர் படித்துக்கொண்டே அந்த இடங்களை முனக ஆரம்பித்தேன்.

"என்ன, வயிறு சரியில்லையா?" என்றாள் வீட்டுக்காரி.

நாலாம் நாள் மாடிப்படியில் நர்ஸம்மாவை மறித்துக் கேட்டேன். "ஏம்மா, அந்தப் பாட்டுக்கு பேஸ் எங்க?"

அவள் திகைத்துப்போய் நின்றாள். பிறகு பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் காட்டினாள். அதை மோட்டெட் என்றாள். இலத்தீனில் சாமி பாட்டு. நானூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் மடத்துக்குள்ளேயே அடைந்து கிடந்த ஒரு கன்னியாஸ்திரி எழுதியது. பாட ஒரே ஒரு குரல். அடியில் கன்டினுவோ என்று ஒரு வரி. கன்டினுவோ என்றால் நிற்காமல் ஓடுவது என்று அர்த்தம் சொன்னாள்.

"நிக்காம ஓடுறதுதாம்மா என் உத்தியோகமே" என்றேன்.

தாளைப் பார்த்தேன். போலீஸ் பேண்டில் எல்லாரும் ஸ்டாஃப் நொட்டேஷன் படிப்போம். ஐந்து கோடு, அதன்மேல் புள்ளிகள், எனக்கு அது பேப்பர் படிப்பதுபோலத்தான். ஆனால் பேஸ் வரியின் மேல் எண்கள் போட்டிருந்தன. ஆறு, ஏழு, நாலு மூன்று. எங்கள் பேண்டில் புதிதாகச் சேர்ந்தவன் எந்த வால்வை அமுக்க வேண்டும் என்று நோட்டின் தலையில் பென்சிலால் எண் எழுதிக்கொள்வான். ஒன்று, இரண்டு, ஒன்று மூன்று, இப்படி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னைக் கத்துக்குட்டி என்று நினைத்தாளா? அதிலும் யூபோனியத்தில் மூன்று வால்வு, மிஞ்சிப்போனால் நாலு. ஆறாவது வால்வுக்கு நான் எங்கே போவேன்?

"ஏம்மா, இந்த நம்பரெல்லாம் போட்டது யாரு? வாத்தியத்தப் பாத்துருக்கானா அவன்?" என்று கத்திவிட்டேன்.

அதற்குப் பதில் சொன்னவர், அவர்கள் மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கும் தபால் ஆபீஸ் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை மாடியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அந்த எண்கள் எனக்கானவை இல்லையாம், அவருக்கானவையாம். எழுதியவர் பாடகிக்கு ஒரு வரியும் பேஸுக்கு ஒரு வரியும் மட்டும் எழுதிவிட்டு, நடுவில் எந்த கார்டு, அதாவது சேர்த்து அமுக்கும் சுரக்கூட்டு, வரும் என்பதற்கு ஒரு எண்ணை வைத்துவிட்டுப் போய்விட்டார். கீபோர்டுக்காரர் அதைப் பார்த்து அங்கேயே இட்டுக்கட்டி நிரப்ப வேண்டும்.

"அட்ரஸ் இல்லாம பின்கோடு மட்டும் எழுதி அனுப்புன மாதிரிலா இருக்கு" என்றார் கிளார்க். ஆனால் ஒரு வாரம் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டார். வலது கையில் கார்டு பிடிக்கவே அவருக்கு மூச்சு முட்டியது. இடது கையில் பேஸும் சேர்த்து வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஆகவே பேஸுக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். ஆகஸ்டில் மாதா திருநாள். அன்றைக்குக் குற்றாலத்தில் உள்ள சின்னக் கோயிலில், பூசையில் நன்மை என்கிற அப்பத்தை வாங்கி முடிந்து எல்லாரும் அமைதியாக இருக்கும் நேரத்தில் இதைப் பாடலாம் என்று சாமியார் அனுமதி கொடுத்திருந்தார்.

ஆகஸ்ட் பதினைந்து. முப்பத்தொரு வருஷம் நான் மைதானத்தில் நின்ற அதே நாள். வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போய் முன்பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே வந்துவிட்டது. இதில் ட்ரம்பெட் இல்லை, டிரம் இல்லை. ஒரு குரல், ஒரு கீபோர்டு, நான். இதிலும் அவளுக்கு என் சத்தம் கேட்காவிட்டால் பிறகு என்றைக்குமே இல்லை.

ஆய்க்குடியில் கல்யாண பேண்டு செட் வைத்திருக்கும் பழைய சிநேகிதனிடம் ஒரு யூபோனியம் இரவல் வாங்கினேன். உடம்பெல்லாம் நசுங்கல். வாயில் வைத்து ஊதினேன். பல் செட் ஒரு பக்கம் போனது, காற்று இன்னொரு பக்கம் போனது.

"யார் வீட்டு மாடு கத்துது?" என்று அடுக்களையிலிருந்து கேட்டாள் வீட்டுக்காரி. தெரிந்தேதான் கேட்டாள்.

மருந்துக்கடையில் பல் செட் ஒட்டும் பசை வாங்கினேன். கொஞ்சமாகத் தடவினால் கழன்றது, நிறையத் தடவினால் நாக்கு ஒட்டியது. அளவு பிடிபட இரண்டு வாரம் ஆனது. தெருவில் வைத்து ஊத எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. சுந்தரபாண்டியபுரத்தில் மச்சினனின் வயலில் பம்புசெட் ரூம் இருக்கிறது. தினமும் ஸ்கூட்டரில் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு அங்கே போனேன்.

அது சூரியகாந்தி பூக்கிற நேரம். வெளியூர்க்காரர்கள் கார் கட்டிக்கொண்டு போட்டோ எடுக்க வருவார்கள். ஒரு குடும்பம் என்னைப் பார்த்துவிட்டு ஷூட்டிங் என்று நினைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டது. நானும் விறைப்பாக நின்று முதல் பக்கம் முழுவதையும் ஊதினேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு அந்த அம்மா மரியாதையாகக் கேட்டார்.

"ஐயா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

வாத்தியத்தைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்றிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பயம். இவர்களுக்கே இப்படி என்றால் அவளுக்கு மட்டும் எப்படிக் கேட்கும்?

மாடியில் ஒத்திகை ஆரம்பித்தோம். முதல் நாளே நர்ஸம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "மதி அண்ணாச்சி, மதி." அவர்கள் பக்கத்துப் பேச்சில் போதும் என்று அர்த்தம். "நீங்க வாசிக்கது எல்லாம் கரெக்ட்தான். ஆனா ஒவ்வொரு நோட்டும் பூட்ஸ் போட்டுட்டு நடக்கு."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அவள் சொன்னது உண்மை. பேண்டில் மாஸ்டரின் கோலைப் பார்த்து ஊதுவோம். லெஃப்ட், ரைட். யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம். இந்தப் பாட்டில் கோல் கிடையாது. அவள் ஒரு வார்த்தையில் உருகி நின்றால் நானும் நிற்க வேண்டும். அவள் துள்ளினால் நானும் அடி மாற்ற வேண்டும். அவளுக்குப் பின்னால் நிற்கிற நான் எதைப் பார்த்து வாசிப்பது? கடைசியில் அவள் தோள்பட்டையைப் பார்க்கப் பழகினேன். மூச்சு எடுக்கும்போது தோள் லேசாக உயரும். அதுதான் எனக்குக் கோல். யூபோனியத்தின் வாயில் ஒரு குற்றாலத் துண்டைச் சுருட்டிச் செருகிச் சத்தத்தைக் குறைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் பாட்டை முடித்துவிட்டு அவள் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்கு இரண்டு ஸ்டார் கொடுத்ததுபோல் இருந்தது.

பாட்டின் கடைசிப் பகுதி அல்லேலூயா. அதில் எனக்கு நாலே நாலு நோட்டு. மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும், மறுபடி மேலே போய் இறங்க வேண்டும். இருபத்திரண்டு தடவை. மேலே அவள் இஷ்டத்துக்குப் பறப்பாள். நான் அதே நாலு நோட்டில் பீட் போலீஸ்காரன் மாதிரி சுற்றிக்கொண்டிருப்பேன். எனக்கு அதைவிடச் சுகமான வேலை இல்லை.

திருநாள் வந்தது. காலையில் நல்ல சாரல். நான் வெள்ளைச் சட்டை போட்டு, பல் செட்டுக்குப் பசை தடவி, வீட்டுக்காரியைப் பின்னால் உட்கார வைத்து, அவள் மடியில் வாத்தியத்தைக் கொடுத்துக் குற்றாலம் போனேன். சீசன் கூட்டத்தில் புகுந்து போய்ச் சேர்ந்தபோது பூசை தொடங்கியிருந்தது. அவளை முன்னால் உட்காரச் சொன்னேன். நமக்கு எதற்கு முன்பெஞ்சு என்று நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அங்கேயே பாதி உயிர் போனது.

நன்மை வாங்கி முடிந்தது. நர்ஸம்மா எழுந்து வந்து நின்றாள். நான் பின்னால் நின்றேன். கிளார்க் தலையாட்ட, அவரும் நானும் சேர்ந்து முதல் நோட்டைத் தொட்டோம்.

ஐயோ. அதைப்போல ஒரு சத்தத்தை நான் பேண்டில்கூடக் கேட்டதில்லை. கீபோர்டு ஒரு சுருதியில், நான் ஒரு சுருதியில். முந்தின பாட்டு பாடுகிறவர்களுக்கு எட்டவில்லை என்று கிளார்க் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிச் சுருதியை மாற்றியிருந்தார். திரும்ப மாற்ற மறந்துவிட்டார். கையைச் சுட்டுக்கொண்டவர்போல் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. பட்டனைத் தேடுகிறார்.

பேண்டில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் முக்கியம். மாடு குறுக்கே ஓடினாலும் மழை கொட்டினாலும் ஊதுவதை நிறுத்தக் கூடாது. நான் நிறுத்தவில்லை. தனியாக இரண்டாவது அடியை வைத்தேன். மூன்றாவது அடியை வைத்தேன். கோயிலில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸம்மா திரும்பவே இல்லை. அவள் தோள் மெதுவாக உயர்ந்தது. நான் காத்திருந்தேன். அவள் என் நோட்டின் மேலேயே வந்து இறங்கினாள்.

அப்படியே அல்லேலூயா வரும்வரை அவளும் நானும்தான். நடுவில் நிரப்ப ஆள் இல்லை. அவள் நீளமாகப் பிடித்து நின்ற இடத்தில் நான் நடந்தேன். அவள் நிறுத்திய இடத்தில் இரண்டு அடி எடுத்து வைத்தேன். ஓட்டை எதுவும் இல்லை. அந்தச் சின்னக் கோயில் சுவரெல்லாம் என் பித்தளை கனமாக மோதித் திரும்பி வந்தது. எனக்கு அறுபத்தொரு வயது, வாயில் கட்டிய பல், கையில் இரவல் வாத்தியம். ஆனால் அந்த மூன்று நிமிஷம் என்னை அடிக்க ஆள் கிடையாது. எந்த எஸ்.பி. வந்து கேட்டாலும் சொல்வேன்.

அல்லேலூயா வந்ததும் கிளார்க் பட்டனைக் கண்டுபிடித்து மெல்ல உள்ளே நுழைந்தார். நான் நாலு நோட்டில் இறங்கத் தொடங்கினேன். எண்ணிக்கொண்டே போனேன். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவது சுற்றில் பசை இளகிப் பல் செட் சரிந்தது. மூன்று நோட்டு வந்தது, நாலாவதுக்கு வெறும் காற்றுதான் வந்தது. நாக்கால் செட்டை மேலே அழுத்திக்கொண்டு பத்தாவது சுற்றைப் பிடித்துவிட்டேன். அந்த நேரம் நர்ஸம்மா உச்சியில் இருந்தாள், கீபோர்டும் சேர்ந்திருந்தது. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டும் முடிந்து கடைசி நோட்டை மூச்சு உள்ளவரை பிடித்தேன்.

கோயிலுக்குள் கை தட்டுவது அவ்வளவாக வழக்கமில்லை. அன்றைக்கு யாரோ ஒருவர் ஆரம்பித்து, மொத்தக் கோயிலும் தட்டியது. பூசை முடிந்ததும் நர்ஸம்மாவைச் சுற்றிக் கூட்டம். அவள் எல்லாரிடமும் என்னைக் கை காட்டினாள். கிளார்க் என்னைக் கட்டிப்பிடித்து, "அண்ணாச்சி, நீங்க மட்டும் நின்னுருந்தீங்கன்னா நான் இன்னைக்கே ட்ரான்ஸ்ஃபர் வாங்கிட்டுப் போயிருப்பேன்" என்றார். சாமியார் கை கொடுத்தார். ஒரு பெரியவர் யூபோனியத்தைத் தட்டிப் பார்த்து, இதற்கு என்ன பேர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். முப்பத்தொரு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே காலையில் கிடைத்தது.

வீட்டுக்காரி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம். எல்லாம் சேந்துல்லா கேக்கு என்று இன்றைக்கும் சொல்லிவிட்டால் அத்தனை கைதட்டலும் வீண்.

அருவிக்குப் போகும் ரோட்டோரம் பழக்கடையில் நிறுத்தச் சொன்னாள். மங்குஸ்தானை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பொறுக்கினாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"பாட்டுக் கடைசில நாலு நாலா எறங்கிட்டே இருந்தீங்கள்லா. ஒரு தடவ மட்டும் மூணோட நின்னுட்டு. பல்லு கழண்டுட்டோ?"

நர்ஸம்மா கவனிக்கவில்லை. கிளார்க் கவனிக்கவில்லை. கோயிலில் அத்தனை பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

"எத்தனாவது தடவ?" என்று கேட்டேன்.

அவள் பழத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "ஒம்பதாவது" என்றாள்.